ஏழு தோட்டாக்கள்: சென்னையில் ஐந்து நாட்கள்

முதல் நாள், திங்கட்கிழமை

மேட்டுப்பாளையத்தில் நேற்று இரவு ஏறிய நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிந்தும் விடியாத நேரத்தில் சென்ட்ரலில் இறக்கிவிட்டது. கோத்தகிரிக் குளிருக்காகப் போட்டிருந்த ஸ்வெட்டரை அரக்கோணம் வருவதற்குள் கழற்றிப் பைக்குள் திணித்திருந்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு விடுதியில் அறை எடுத்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, வந்த வேலையைப் பார்க்கக் கிளம்பினேன்.

வந்த வேலை ஒரு துப்பாக்கியைப் பற்றியது. என் தாத்தா 1961-இல் உரிமம் பெற்று வாங்கிய .315 போர் ரைஃபிள் (‘போர்’ என்பது குழலின் உள்விட்டம், இங்கே அங்குலத்தில்), அவர் காலத்துக்குப் பின் சென்னையில் வசித்த சித்தப்பாவின் பெயருக்கு மாறியது. சித்தப்பா சென்ற ஆண்டு காலமானதும், சித்தி அதை முறைப்படி அண்ணா சாலைக்கு அருகே ஒரு துப்பாக்கிக் கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்துவிட்டார். வாரிசு என்ற முறையில் அதற்கு நான் உரிமம் கோரப் போகிறேனா, அல்லது கைவிடப் போகிறேனா என்பதை இந்த வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

கடைக்காரர் எழுபதைக் கடந்தவர். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். இரும்பு அலமாரியைத் திறந்து, எண்ணெய்த் துணியை விலக்கி, ரைஃபிளைக் கண்ணாடி மேசைமீது கிடத்தினார். தாத்தாவின் கன்னம் பட்டுப் பட்டு மெருகேறியிருந்த கட்டைப் பகுதியைத் தொட்டதும் பேச்சு வரவில்லை. பாய் அவசரப்படுத்தாமல் டீ வரவழைத்தார்.

பிறகு காலியான பழைய தோட்டாக் கூடு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அடிப்பகுதியில் விளிம்பு வைத்த பித்தளைக் கூடு அது. அதில் அமரும் குண்டு 244 கிரெயின், அதாவது ஏறத்தாழ 16 கிராம் எடையும் உருண்டை மூக்கும் கொண்டது. வினாடிக்குச் சுமார் 2,000 அடி வேகத்தில்தான் குழலைவிட்டு வெளியேறும். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்கென வந்து, உலகெங்கும் வேட்டைக்காரர்கள் கைக்குப் போன .30-06 தோட்டா, 180 கிரெயின் குண்டை 2,700 அடி வேகத்தில் அனுப்பும். காகிதத்தில் இரண்டையும் அருகருகே எழுதிப் பார்ப்பவர் யாரும் .315-ஐத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

“இதைவிட நல்லது எவ்வளவோ வந்திருச்சு தம்பி,” என்றார் பாய். “ஆனா .315-ஐ வித்துட்டுப் போனவங்க, ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து அதையேதான் கேட்கிறாங்க. நாப்பது வருஷமாப் பார்க்கிறேன்.”

ஏன் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். அதற்குள் நானே விடை தேடிப் பார்க்கலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை

பறக்கும் ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கி, தலைமைச் செயலகத்துக்கு வருவோர் கூட்டத்தோடு சோதனையைக் கடந்து, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். 1795-இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலையைக் கடந்து ஆயுதங்கள் இருக்கும் பகுதியில் நின்றபோது, தாத்தாவின் ரைஃபிள் பிறந்த கதை இந்தக் கோட்டையை ஆண்டவர்களின் அச்சத்திலிருந்து தொடங்குகிறது என்பது நினைவுக்கு வந்தது.

பிரிட்டிஷ் ராணுவம் .303 தோட்டாவை 1888-இல் ஏற்றுக்கொண்டது. முதலில் கரிமருந்து, சில ஆண்டுகளில் புகை குறைந்த கார்டைட். அதே தோட்டாவுக்குக் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் மூக்கு திறந்த குண்டு செய்தார்கள். உடலில் பட்டதும் விரியும் அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாதென்று 1899-இல் ஹேக் மாநாடு அறிவித்தது. நம் ஊர்க் காவல் நிலையங்களில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று பல தலைமுறை அறிந்த ரைஃபிளின் தோட்டாவும் இதுதான்.

ராணுவம் எந்த அளவுத் தோட்டாவைப் பயன்படுத்துகிறதோ, அந்த அளவு இந்தியக் குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது ஆட்சியாளர்களின் கொள்கை. திருடப்படும் ராணுவத் தோட்டா கிளர்ச்சிக்காரர்களின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே அதன் காரணம். இந்தக் கொள்கையால் வேட்டை உலகமே மாறியது. .450 அளவு இந்தியாவுக்குள் வரக் கூடாதென்று தடுத்தபோது, இங்கிலாந்தின் துப்பாக்கி செய்வோர் .465, .470 என்று சற்றே மாறிய அளவுகளில் யானைத் துப்பாக்கிகளைச் செய்து அனுப்பினார்கள். .303-க்கு மாற்றாக வந்ததே .315. ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை அடியொற்றியது அது. விளிம்பு வைத்த கூடு, ஏறத்தாழ .303-இன் பருமன், ஆகவே .303-க்கென இருந்த லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் பொறியமைப்பைப் பெரிதாக மாற்றாமலே அதற்கு ரைஃபிள் செய்ய முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வங்காளத்தின் இச்சாப்பூர் அரசு ரைஃபிள் தொழிற்சாலை அதைத் தொடர்ந்து செய்தது. தாத்தாவினுடையதும் இச்சாப்பூரில் செய்ததுதான்.

ஆக, தாத்தா .315-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் அனுமதித்ததும், விலை கட்டுப்படியானதும், தோட்டா தடையின்றிக் கிடைத்ததும் அது ஒன்றாகவே இருந்தது. ஒரு தோட்டாமீது மக்கள் வைக்கும் பற்றில் பாதி, அது கடையில் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் பன்றிகள் உருளைக்கிழங்குக் காட்டை உழுதுவிட்டுப் போகும்போது, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டிய தோட்டாவை நம்பி எந்த விவசாயியும் இருக்க முடியாது.

ஆனால் இது பாதி விடைதான். வேறு வழியில்லாமல் வாங்கிய பொருளை, வேறு வழி கிடைத்ததும் மனிதர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். .315-ஐ அப்படிப் போடவில்லையே.

மூன்றாம் நாள், புதன்கிழமை

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆயுதச்சாலையிலிருந்தும் வந்த வாள்களையும் குத்துவாள்களையும் பழைய துப்பாக்கிகளையும் பார்த்தேன். ஆனால் இன்று அதிக நேரம் நின்றது ஆயுதங்களின் முன் அல்ல. விலங்கியல் பகுதியில் உள்ள யானையின் எலும்புக்கூட்டின் முன்.

அந்த மண்டையோட்டை அருகிலிருந்து பார்த்தால்தான் ஒரு பழைய விவாதம் புரியும். யானையின் நெற்றி எவ்வளவு அகலமாகத் தோன்றினாலும், அதன் பெரும்பகுதி தேன்கூடு போன்ற காற்றறைகள் கொண்ட எலும்பு. மூளை தாழ்வாகப் பின்புறத்தில் இருக்கிறது. டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், யானை மண்டையோட்டை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதைக் கற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை அவர் கொன்றார்; பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவால். அது 1890-களில் ஜெர்மனியில் பிறந்த, 173 கிரெயின் குண்டை நடுத்தர வேகத்தில் அனுப்பும் சிறிய ராணுவத் தோட்டா. மற்றவர்கள் அதைப்போல மூன்று மடங்கு கனமான குண்டுகளைத் தோளில் தாங்கித் திரிந்த காலம் அது. அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. இன்று அந்த எலும்புகளின் முன் நின்றபோது இன்னும் அதிகமாகக் கசந்தது. ஆனாலும் அதிலுள்ள இயந்திர உண்மையை மறுக்க முடியாது. நீளமான, மெல்லிய, விரியாத குண்டு நேர்கோட்டில் ஆழமாகப் போகும். அது எங்கே போக வேண்டும் என்பதைச் சுடுபவர் அறிந்திருக்க வேண்டும்.

இதே தோட்டாவைத்தான் லண்டனின் ரிக்பி நிறுவனம் .275 ரிக்பி என்று பெயரிட்டு விற்றது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியை 1907-இல் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரைஃபிளும் .275 ரிக்பிதான். அவரிடம் கனமான இரட்டைக்குழல் ரைஃபிளும் இருந்தது. ஆயினும் மலையில் நாள் முழுதும் தோளில் கிடக்கக்கூடிய இலேசான ரைஃபிளைப் பற்றி அவர் கொண்டிருந்த அன்பு, படித்தவர்கள் எல்லோரும் அறிந்தது.

இலேசு என்ற இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாலை முழுவதும் யோசித்தேன். குண்டும் மருந்தும் கனக்கக் கனக்க, வேகம் கூடக் கூட, துப்பாக்கி தோளில் உதைக்கும். உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடிவிடுவான். தோள் தானாகப் பின்வாங்கும். குழல் ஒரு நூல் விலகினாலே குண்டு வயிற்றில் பட்டு விலங்கு பல மைல் தூரம் துடித்துக்கொண்டே ஓடும். எந்தத் தோட்டாவின் வேகப் பட்டியலிலும் இந்தக் கண் மூடல் பதிவாவதில்லை. அப்பாவுக்குத் தாத்தா சுடக் கற்றுக்கொடுத்த விதம் எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும்: தோட்டா இல்லாத ரைஃபிளின் குழல்மீது ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்தச் சொல்வாராம். நூறு முறை நாணயம் விழாமல் இருந்த பிறகுதான் முதல் தோட்டா.

ஸ்வீடனும் நார்வேயும் 1894-இல் சேர்ந்து ஏற்றுக்கொண்ட 6.5 மில்லிமீட்டர் தோட்டா, ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்நாடுகளில் குதிரை அளவுள்ள ‘மூஸ்’ மான்களுக்குப் பயன்படுவதற்கும் இதுவே காரணம். உதை மிதமானது, குண்டு நீளமானது, பயிற்சிக்கு நிறையச் சுடலாம், சுடுபவர்கள் அதைத் தவறவிடுவதில்லை.

நான்காம் நாள், வியாழக்கிழமை

கிண்டி. 1821-இல் அரசு வாங்கிய ஆளுநர் தோட்டத்தின் மிச்சம் இது. 1978-இல் தேசியப் பூங்காவானது. 2.7 சதுர கிலோமீட்டர்தான். சிறுவர் பூங்காப் பக்கம் நின்று புள்ளிமான்களைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் மான்களுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் துப்பாக்கியைப் பற்றி நினைப்பதே கூச்சமாக இருந்தது. ஆனால் நான் பார்க்க வந்தது தூரத்தை.

முட்புதர்க் காட்டில் ஒரு மான் எவ்வளவு தொலைவில் கண்ணிலிருந்து மறைகிறது என்று கவனித்தேன். நாற்பது, ஐம்பது அடி வைப்பதற்குள் உடல் கலைந்து, காதும் வாலும் மட்டும் தெரிகின்றன. எண்பதுக்குமேல் எதுவும் இல்லை. எங்கள் சோலைக்காடுகளில் இதைவிடக் குறைவு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளும் இப்படித்தான் அடர்ந்தவை என்கிறார்கள். அங்கே .30-30 என்றொரு தோட்டா இருக்கிறது. 1895-இல் விற்பனைக்கு வந்தது. பெயரின் முதல் முப்பது குழலின் அளவு, இரண்டாவது முப்பது அன்று அதில் இட்ட மருந்தின் கிரெயின் எடை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894-ஆம் ஆண்டு வின்செஸ்டர் ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்கடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்மூக்குக் குண்டு முன்னிருக்கும் தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியைக் குத்தி வெடிக்கச் செய்யலாம் என்பதால் மூக்கைத் தட்டையாக்கினார்கள். மூக்கு தட்டையானதால் காற்றில் வேகம் விரைவில் குறைகிறது. 170 கிரெயின் குண்டு, 2,200 அடி, ஏறத்தாழ 1,800 அடி-பவுண்டு ஆற்றல். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் 3,500 தருகிறது. கிட்டத்தட்ட இரு மடங்கு. இருந்தும் தாத்தா, அப்பா, மகன் என்று அந்தப் பழைய ரைஃபிள் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அந்த இரு மடங்கு ஆற்றல் பயன்படும் தொலைவு அவர்கள் காட்டில் கண்ணுக்கே தெரிவதில்லை.

பெங்களூரின் கென்னத் ஆண்டர்சனும் இந்த வகைக்காரரே. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரி உட்பட நம் எல்லையோரக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த அவர், 1904-இல் வந்த .405 வின்செஸ்டரைத்தான் கையில் வைத்திருந்தார். 300 கிரெயின், 2,200 அடி. அமெரிக்காவில் அந்தத் தோட்டா வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்திலும் அவர் அதைக் கைவிடவில்லை. தேயிலைத் தோட்டத்து வரப்பிலோ ஓடைப் படுகையிலோ பதினைந்து கஜத்தில் திரும்பும் புலிக்கு முன்னால், முந்நூறு கஜத்தில் குண்டு எவ்வளவு தாழும் என்ற கேள்வி எழுவதே இல்லை. விரல் தானாகச் செய்யப் பழகியதைத்தான் அப்போது கை செய்யும்.

இங்கே அப்பா சொன்ன ஒரு நிகழ்ச்சியை எழுத வேண்டும். நீலகிரியில் 1879-இலேயே வேட்டைக்குச் சட்டம் வந்துவிட்டது. பருவமும் எண்ணிக்கையும் வரையறுத்து அனுமதிச் சீட்டுத் தருவார்கள். 1960-களின் ஒரு பருவத்தில், அனுமதிச் சீட்டோடு தாத்தா நான்கு நாட்கள் ஒரு கடமான் கிடாவின் தடத்தைப் பின்தொடர்ந்தார். பதினொரு வயது அப்பா உடன் போயிருந்தார். நான்காம் நாள் மாலை, பள்ளத்துக்கு அப்பாலுள்ள புல்சரிவில் கிடா பக்கவாட்டில் வந்து நின்றது. இருநூற்றைம்பது கஜம் இருக்கும். தாத்தா ரைஃபிளைத் தூக்கினார், கன்னத்தில் வைத்தார், நெடுநேரம் பார்த்தார், இறக்கிவிட்டார். நூறு கஜத்தில் குறி சரியாகப் படும்படி நேராக்கிய .315-இன் குண்டு அந்தத் தொலைவில் ஒன்றரை அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். மேலே தூக்கிக் குறிவைத்திருக்கலாம், பட்டிருக்கவும் கூடும். “இது அந்தத் தோட்டாவோட வேலை இல்லை,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்தாராம். அப்பா வழியெல்லாம் அழுதிருக்கிறார்.

என் தேடலுக்கு விடையாக எனக்குத் தோன்றுவது அந்த மாலைதான். வேகமான தோட்டா தொலைவைச் சுருக்கித் தருகிறது. அதனால் அதன் எல்லை எங்கே என்று சுடுபவருக்குத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், சிலருக்குத் தெரிவதே இல்லை. சாதாரணத் தோட்டாவின் எல்லை அருகில் இருக்கிறது. முதல் பருவத்திலேயே முட்டிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு காற்றின் திசை பார்க்கவும், தவழ்ந்து நெருங்கவும், காத்திருக்கவும், வேண்டாம் என்று திரும்பவும் பழகிவிடுகிறோம். இத்தனையையும் கற்றுத் தந்த பொருளை, இன்னொன்று வினாடிக்கு எழுநூறு அடி அதிகம் போகிறது என்பதற்காக மாற்றிக்கொள்ள மனம் வருமா? தாத்தாவுக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை

தொழுகை முடித்து வந்து, மூன்று மணிக்குப் பாய் கடையைத் திறந்தார். நான்கு நாட்களாக யோசித்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மறுக்கவில்லை. தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார்.

2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றை ஒப்படைக்க வேண்டி வந்தது. தென் மாவட்டத்திலிருந்து ஒரு பெரியவர், பன்னிரண்டு போர் சிதறுகுண்டுத் துப்பாக்கியும் .30-06 ரைஃபிளும் .315-ம் வைத்திருந்தவர், கடைக்கு வந்தார். வெளிநாட்டு .30-06-ஐத்தான் ஒப்படைத்தார். அதன் விலையில் நான்கு .315 வாங்கலாமே என்று பாய் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பெரியவரின் மறைந்த தம்பியும் அவரும் மாறி மாறிச் சுமந்த ரைஃபிள் அந்த .315 என்பது பிறகுதான் பாய்க்குத் தெரிந்தது. “தோட்டா கணக்கெல்லாம் சரிதான் தம்பி. ஆனா யாரோட போனோம்னு ஒண்ணு இருக்குல்ல?” என்றார். நேற்று நான் எழுதியதில் இது விடுபட்டிருந்தது. பதினொரு வயதில் அழுதுகொண்டே நடந்த அப்பா, இன்றும் அந்த மாலையைச் சொல்லும்போது கடமானைப் பற்றிச் சொல்வதில்லை. முன்னால் நடந்த முதுகைப் பற்றித்தான் சொல்கிறார்.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்த ரைஃபிள் வேட்டைக்குப் போனதில்லை. போகவும் கூடாது, அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. உரிமம் கோருவதென்று முடிவு செய்தேன். அதற்கான தாள்களைப் பாய் வரிசையாக எடுத்து வைத்து, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளியிட்டுக் கொடுத்தார்.

இறுதியாக, தாத்தாவின் பழைய உரிமப் புத்தகத்தை நீட்டினார். ரைஃபிளோடு சித்தி ஒப்படைத்திருந்தார். பின் பக்கங்களில், வாங்கிய தோட்டாக்களைக் கடைக்காரர்கள் பதிந்த வரிகள், மங்கிய நீல மையில்: 1961-இல் இருபது. 1963-இல் பத்து. 1966-இல் பத்து. 1971 மார்ச்சில் பத்து. பத்தாண்டுகளில் ஐம்பது தோட்டாக்கள்; அவ்வளவுதான் அந்தப் புத்தகம். பாய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். 1971-இல் வாங்கியவற்றில் ஏழு அப்படியே இருந்தன, பித்தளை கறுத்து.

இவற்றை இனிச் சுடக் கூடாது, மருந்து கெட்டிருக்கும், முறைப்படி ஒப்படைத்துவிடலாம் என்றார். சரி என்றேன். எடுத்துச் செல்லும் முன் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி எண்ணிப் பார்த்தேன். இரவு ஒன்பது மணி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.